நான் பார்க்காத நாற்பது நிமிடங்கள்

கதிர்,

புது வேலை கிடைத்த செய்தியை நீ சொன்னபோது நான் சரியாகப் பேசவில்லை என்று அப்பாவிடம் வருத்தப்பட்டாயாம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, இனி முழு நேரமும் சினிமா விமர்சனம்தான் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. உன் பெரியப்பாவும் சித்தப்பாவும் கேட்பது போல "இதெல்லாம் ஒரு உத்தியோகமா" என்று நான் நினைக்கவும் இல்லை. ஒருவர் இரண்டு மூன்று வருஷம் ஊணுறக்கம் இல்லாமல் செய்த ஒன்றைப் பார்த்துவிட்டு, அது எப்படி இருக்கிறது என்று ஊருக்குச் சொல்வது பெரிய பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஒரு காலத்தில் நானும் கையில் வைத்திருந்தேன். அதை வைத்து நான் என்ன செய்தேன் என்பது நினைவுக்கு வந்ததால்தான் அன்று எனக்குப் பேச்சு வரவில்லை. போனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் தபாலில் போடாமல் பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். அதற்கும் காரணம் இருக்கிறது. படித்தால் உனக்கே புரியும்.

போன மாதம் என் அண்ணனுக்கு, உன் கருணா மாமாவுக்கு, முதல் வருஷத் திதி. நீ வரவில்லை. நன்னிலத்தில் அத்தை வீட்டில் சாப்பாடு முடிந்து நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, "அக்கா, உங்க கதிரு புது வீடியோ போட்டிருக்கு, பாத்தீங்களா" என்று போனை என் கையில் கொடுத்தாள். வேதாரண்யத்துப் பையன் ஒருவன் எடுத்த சின்னப் படம் பற்றிய வீடியோ அது. நீ சிரித்துக்கொண்டே சொல்கிறாய்: "முப்பது நிமிஷம்தாங்க உட்கார முடிஞ்சுது. எழுந்து வந்து வெளிய டீ குடிச்சேன். டீ நல்லா இருந்துச்சு." பிறகு, பார்க்காத மீதிப் படத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீயே ஒரு கதை கட்டிச் சொல்கிறாய். அதில் நடித்த பெண்ணின் பல் துருத்திக்கொண்டிருப்பதைப் பற்றி மூன்று முறை பேசுகிறாய். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"மாமா ஏம்மா உன்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கறாரு" என்று நீ பலமுறை கேட்டிருக்கிறாய். நிலம் பிரித்ததில் மனஸ்தாபம் என்று சொல்லி வைத்தேன். அப்பாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார். அது பொய், கதிர். நிலத்தில் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்ததில்லை.

உனக்கு இரண்டு வயதாக இருந்தபோது நான் தஞ்சாவூர் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். அது உனக்குத் தெரியும். அந்த நாளில் தஞ்சாவூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் 'நடுவன்' என்ற பெயரில் சினிமா விமர்சனம் வந்ததும், அதை எழுதியது நான் என்பதும் உனக்குத் தெரியாது. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. வேலைக்குப் போகிற பெண், கைக்குழந்தைக்காரி, வாராவாரம் தியேட்டருக்குத் தனியாகப் போகிறாள் என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்ற பயம். காலை ஷிப்ட் முடிந்து மதியக் காட்சிக்குப் போவேன். மறுநாள் அழைப்புகளுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் எழுதி, வீட்டுக்குப் போகிற வழியில் அச்சகத்தில் கொடுத்துவிடுவேன். நான்கு வருஷம் இப்படி எழுதினேன்.

நன்றாகத்தான் எழுதினேன். என் காசில்தான் டிக்கெட் வாங்குவேன். யார் நடித்தது, யார் எடுத்தது என்று பார்த்து எழுத மாட்டேன். ஒரு தீபாவளிக்கு விநியோகஸ்தர் ஆள் ஒருவர் 'நடுவன் சாருக்கு' என்று ஆசிரியரிடம் பட்டு வேட்டியும் இனிப்பும் கொடுத்துவிட்டுப் போனார். இனிப்பைக்கூட எடுக்காமல் அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னேன். ஆசிரியர் சந்தோஷப்பட்டார். எனக்கும் தலை நிமிர்ந்திருந்தது. வேட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டால் நியாயமான ஆளாகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது. நம்மைக் கோணலாக்க வெளியிலிருந்து ஒருவன் வர வேண்டும் என்பதில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

உன் மாமா ஒரே ஒரு படம் எடுத்தார். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், அதிராம்பட்டினத்து சம்சுதீன் பாய் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன இடத்தில் தன் கதையைச் சொல்லியிருக்கிறார். பாய் வெளிநாட்டில் கடை வைத்திருந்தவர். கதையைக் கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு நடந்துருக்கு தம்பி. எடுங்க" என்றாராம். மூன்று வருஷம் ஆயிற்று. படத்தின் பெயரை எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மூன்று ஊரில் மட்டும் வந்தது. அந்த வாரம் அச்சகத்துக்குப் போனபோது ஆசிரியர் சொன்னார். "இந்த வாரம் இதையே பாத்துடுங்க. நம்ம பக்கத்துப் பையன்தான் எடுத்திருக்காராம். உங்களுக்கு வேண்டியவங்க யாரும் இல்லையே இதுல?"

"இல்லிங்க சார்" என்றேன்.

அந்தப் பொய்யை நான் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவிட வேண்டும், தங்கை என்று தெரிந்தால் எழுத விட மாட்டார்கள் என்ற ஆசையில் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆசிரியர் வேறு யாரையாவது அனுப்பியிருப்பார். நானும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அப்பாவோடு சாதாரணத் தங்கையாகப் போய் அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன். மாமாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறோம் என்று. வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு யாருக்கும் சொல்லாமல் போனேன். மாமா அன்று கும்பகோணத்தில் இருந்தார்.

இங்கே உனக்கு இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு நான்கு வருஷம் முன்னால் என் அம்மா இறந்தது திருவாரூரில், ஆஸ்பத்திரியில். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் நர்ஸ் வந்து, "நகையெல்லாம் கழட்டிடுங்கம்மா, சீக்கிரம்" என்றாள். அம்மாவின் கை வீங்கியிருந்தது. இரண்டு வளையலும் வரவில்லை. சோப்பைக் குழைத்துத் தடவி, இழுத்து இழுத்துக் கழற்றினேன். அம்மா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வலித்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனவள் உயிரோடு வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தக்காரப் பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். "உசுரு போறதுக்குள்ள வளையலக் கழட்டிட்டா பாரு." அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டு உன் மாமா நின்றிருந்தார். கழற்றச் சொன்னது நர்ஸ்தான் என்று காரியத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் வாயே திறக்கவில்லை. துக்கத்தில் இருந்தார், யார் என்ன பேசுகிறார்கள் என்பதே அவர் காதில் விழவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். படம் மெதுவாகப் போனது, ஆனாலும் நன்றாக இருந்தது. வாய்க்காலும் வரப்பும் யாரும் காட்டாத மாதிரி இருந்தன. இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. படுக்கையில் ஒரு தாய். பக்கத்தில் மகள். மகள் சோப்பைக் குழைக்கிறாள். தாயின் கையில் தடவி வளையலை இழுக்கிறாள். நர்ஸ் சொன்னது படத்தில் இல்லை. அந்தத் தாயின் கண் மட்டும் பெரிதாகத் திரையில் நிற்கிறது. என் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள், "ச்சே, பெத்த பொண்ணா இவ" என்றாள். பின்வரிசையில் யாரோ 'உச்' கொட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் பேசியபோது வாயை மூடிக்கொண்டு நின்றவன், இப்போது ஊரைக் கூட்டி, விளக்கை அணைத்து, என்னைத் திரையில் காட்டுகிறான் என்று தோன்றியது. எழுந்தேன். கால்களை இடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படம் முடிய இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

மறுநாள் எழுதினேன். நான்கு வருஷத்தில் அவ்வளவு வேகமாக, அவ்வளவு நன்றாக நான் எழுதியதில்லை. கோபத்தில் எழுதுவது நன்றாக வந்துவிடுகிறது, கதிர். வார்த்தையெல்லாம் தானாக வந்து விழும், படிக்கிறவர்களுக்கும் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் நீ பேனாவைக் கீழே வைக்க வேண்டும். உனக்குப் பேனா இல்லை, கேமராவை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டும். "இந்தப் படத்தின் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று ஒருமுறை கேட்டுப் பார். படம் காரணம் என்றால் சொல். வேறு ஏதாவது காரணம் என்றால் அந்தப் படத்தை வேறு யாரிடமாவது கொடுத்துவிடு. நான் கேட்கவில்லை. "இந்த இயக்குநருக்குப் பெண்களைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை இதில் ஒரு மனிதர்கூட உண்மையாக இல்லை" என்று எழுதினேன். 'கடைசிக் காட்சி வரை' என்று எழுதும்போது கை ஒரு நொடி நின்றது. வாக்கியம் அழகாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

என் விமர்சனம்தான் அந்தப் படத்தைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வதும் ஒரு பெருமைதான். கூட்டம் இல்லை, ஐந்தாம் நாள் எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் படத்துக்கு வந்த ஒரே விமர்சனம் அதுதான். வேறு எந்தப் பத்திரிகையும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மாமா நம் வீட்டுக்கு வந்தார். கையில் அந்தப் பத்திரிகை மடித்து இருந்தது. நீ அவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். உன் தலையைத் தடவிக்கொண்டே, ஒரு வரி விடாமல் எனக்குப் படித்துக் காட்டினார். என்னை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு இந்த நடுவன், உனக்குத் தெரியுமா பாப்பா?"

"தெரியலண்ணே. யாராச்சும் வயசானவரா இருக்கும்."

"கடுமையாத்தான் எழுதியிருக்காரு. ஆனா கடைசி காட்சி வரைக்கும்னு எழுதியிருக்காரு பாரு. முழுசா உக்காந்து பாத்திருக்காரு. பாதி பேரு இடைவேளையிலயே போயிட்டாங்க. பாத்த மனுஷன் நல்லா இல்லைன்னு சொன்னா, இல்லதான்." பத்திரிகையைக் கீழே வைத்தார். பிறகு, "நீ பாத்தியா?" என்றார்.

"இல்லண்ணே. கதிருக்குக் காய்ச்சல். இந்த ஞாயிறு வரலாம்னு இருந்தோம்."

"எடுத்துட்டாங்களே" என்றார். "நீ பாக்கணும்னு நெனச்சேன்."

காபி கொடுத்தேன். குடித்துவிட்டுப் பத்திரிகையை மறுபடி பத்திரமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அவர் படம் எடுக்கவே இல்லை. கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று இந்த வட்டாரம் முழுக்க வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தார். நானும் அடுத்த மாதத்தோடு நடுவனை நிறுத்திக்கொண்டேன். ஆசிரியர் காரணம் கேட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உன் மேல் பழியைப் போட்டேன்.

வருஷங்கள் ஓடின. சொல்லிவிடலாம் என்று தோன்றும் போதெல்லாம் ஏதாவது ஒரு நல்ல நாள் குறுக்கே வந்தது. நீ கல்லூரியில் படிக்கும்போது முதல் வீடியோ போட்டாய், நினைவிருக்கிறதா. மறுநாள் மாமா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "நம்ம கதிரு நல்லா பேசுறான் பாப்பா. பயமில்லாம பேசுறான். ஒண்ணு மட்டும் அவன்கிட்ட சொல்லு. அப்ப நடுவன்னு ஒருத்தரு எழுதுவாருல்ல, அவர மாதிரி இருக்கச் சொல்லு. புடிக்குதோ புடிக்கலயோ, கடைசி வரைக்கும் உக்காந்து பாத்துட்டு அப்பறம் பேசச் சொல்லு."

இத்தனை வருஷமும் அவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். யாரோ ஒருவர் தன் படத்தை மதித்து முழுதாகப் பார்த்தார் என்று. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அடுத்த நாளே நன்னிலத்துக்குப் பஸ் ஏறினேன்.

மாமா பெஞ்சில் உட்கார்ந்து கேமராவின் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை அடுப்படியில் இருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணே, அந்த நடுவன் நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் தெரியவில்லை. மெல்லச் சிரித்தார் என்றுகூடச் சொல்வேன். "நீயா? நெசமாவா?" என்றார். "அதான் எழுத்து அப்படி இருந்துச்சா. சரி விடு. உனக்குத் தோணுனத எழுதுன. அதுக்கு என்ன இப்ப." பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்ப நீ படத்தைப் பாத்திருக்க. கடைசி காட்சிய பாத்திருக்க. பாத்துமா அப்படி எழுதுன?"

அவர் காத்திருந்தார்.

"இல்லண்ணே. வளையல் கழட்டுற எடத்துல எழுந்து வந்துட்டேன்."

லென்ஸ் துடைத்த துணியை அவர் நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே பார்த்து, "அவளுக்குச் சாப்பாடு போடு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டார். அத்தை இலை போட்டாள். நான் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம், சாகும்வரை, அவர் என்னிடம் பேசவில்லை. விசேஷங்களில் அப்பாவிடம் பேசுவார், உன்னிடம் பேசுவார். நான் பக்கத்தில் போனால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

நான் கடுமையாக எழுதியதை அவர் மன்னித்துவிட்டார், கதிர். அதை என் கண்ணால் பார்த்தேன். அவர் கையில் இத்தனை வருஷம் இருந்தது ஒரே ஒரு பார்வையாளர். அந்த ஒருவரையும் நான் பிடுங்கிக்கொண்டேன். இதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் அத்தையிடம் கெஞ்சினேன். "கடைசி காட்சி என்னன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க அண்ணி." கேட்டாளாம். "அது படம் பாத்தவங்களுக்கு" என்றாராம். போன வருஷம் தை மாதத்தில் போய்விட்டார்.

அத்தைக்கு அந்தக் காட்சி நினைவில்லை. "அன்னிக்கு நான் படத்தை எங்க பாத்தேன். ஜனங்க எழுந்து போறாங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன். வளையல் திரும்ப வரும். யாரு கையில இருந்துச்சுன்னு தெரியல" என்றாள். சித்திரையில் அதிராம்பட்டினத்துக்குப் போனேன். சம்சுதீன் பாய்க்கு எண்பது தாண்டிவிட்டது, நாற்காலியிலேயே இருக்கிறார். படப்பெட்டிகள் கிடங்கில் இருந்தனவாம். அந்தப் பெரும் புயலில் கூரை போய், மழையில் ஊறி எல்லாம் கூழாகிவிட்டன. "கருணாகிட்ட சொன்னேன் தங்கச்சி. போவட்டும் பாய்னுட்டாரு" என்றார். கடைசிக் காட்சியைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"கடைசி ரீல்ல பேச்சே கெடையாது. அந்த அண்ணன்காரன் ஆஸ்பத்திரி வராந்தாவுல நிப்பான். சுத்தி சொந்தக்காரங்க. அந்தப் பொண்ணு ஒரு ஓரமா. இவன் அவங்க எல்லாரையும் பாத்து வாயைத் தொறப்பான். அவ்வளவுதான். படம் முடிஞ்சிரும்."

விடைபெற்றுக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்த அவர் மகன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மனசுல வச்சிக்காதீங்கக்கா. வாப்பாவுக்கு இப்ப ரெண்டு மூணு படம் ஒண்ணா கலந்துபோவுது. போன மாசம் கேட்டப்ப வேற சொன்னாங்க."

என் அண்ணன் எனக்காக வாயைத் திறந்தாரா இல்லையா என்பது எனக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும்.

திதி முடிந்து தஞ்சாவூர் வந்த மூன்றாம் நாள், நீ சிரித்த அந்தப் படம் இங்கே ஒரு தியேட்டரில் மதியக் காட்சி மட்டும் ஓடுவதாகத் தெரிந்து போனேன். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர். கடைசி வரை இருந்தேன். நல்ல படம் என்று சொல்ல மாட்டேன். முதல் அரை மணி நேரம் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, அதில் நீ சொன்னது தப்பில்லை. அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று நான் சொல்லப்போவதில்லை. நீ கட்டிச் சொன்ன கதை அதில் இல்லை.

வெளியே வந்தபோது கதவோரம் முப்பது வயதுப் பிள்ளை ஒருவன் நின்று, வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்ததும் தெரிந்துவிட்டது, படத்தை எடுத்தவன் இவன்தான் என்று. "எப்படிம்மா இருந்துச்சு?" என்றான். நான் யார் என்று மறைத்து ஒருமுறை செய்தது போதும் என்று தோன்றியது. உன் பெயரைச் சொல்லி, அவனுடைய அம்மா என்றேன்.

"சென்னையில முத ஷோ அன்னைக்கும் இப்படித்தாம்மா கதவுகிட்ட நின்னேன். உங்க மகன் வந்ததும் தெரியும், போனதும் தெரியும்" என்றான். "எனக்குப் பரவால்லங்க. நடிச்ச அக்கா உப்பளத்துல வேலை செய்யறவங்க. நாந்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். அவங்க பசங்க அந்த வீடியோவைக் காட்டியிருக்காங்க. அன்னைலேருந்து சிரிச்சா வாயைப் பொத்திக்கிறாங்க."

நான் படியிறங்கப் போனேன். "படம் எப்படின்னு சொல்லாம போறீங்களேம்மா" என்றான். நின்றேன். சொன்னேன். முதல் அரை மணி நேரம் தேவையில்லாமல் நீள்கிறது, கிழவர் பேசுவது புத்தகம் படிப்பது போல் இருக்கிறது, பாட்டு எதற்கு என்றே தெரியவில்லை. அந்தப் பெண் உப்பு வாரிவிட்டு நிமிர்ந்து பார்க்கிற இடத்தில் எனக்கு மூச்சு நின்றது என்றும் சொன்னேன். அவன் போனை எடுத்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டான். கோபமே இல்லை. "இதைத்தாம்மா யாரும் சொல்லல" என்றான். மொத்தம் பத்து நிமிடம் ஆகியிருக்கும். என் அண்ணனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியதும் அந்தப் பத்து நிமிடம்தான்.

பொய்யை அச்சில் போட்டேன், அதனால் உண்மையும் அச்சில் வரட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயரும் இதில் கெடும், தெரிந்துதான் செய்கிறேன். பெரிய சினிமாக் கம்பெனிக்காரர்கள் உன்னை விமானத்தில் அழைத்துப்போய் ஓட்டலில் தங்க வைத்த பிறகு அவர்கள் படத்தைப் புகழ்ந்து பேசினாயே, அதில் நீ பொய் சொன்னாய் என்று நான் சொல்லவில்லை. அழைத்துப்போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல், கேட்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். தெரிந்தவர் படம் என்றால் தெரிந்தவர் என்று சொல், அல்லது ஒதுங்கிக்கொள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல், அதற்கு யாருக்கும் பயப்படாதே. படத்தைச் சொல், பல்லைச் சொல்லாதே. பார்க்காததைப் பார்த்தது போல் ஒரு சொல்லும் சொல்லாதே.

அந்தப் படத்தை முதலில் முழுதாகப் பார். பார்த்துவிட்டு, முப்பது நிமிடத்தில் எழுந்து வந்ததைப் பெருமையாகச் சொன்ன அதே இடத்தில் உட்கார்ந்து, உனக்கு உண்மையில் என்ன தோன்றியதோ அதைச் சொல். பிறகு ஊருக்கு வா. வேதாரண்யத்தில் அந்தப் பெண் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அந்தத் தம்பியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். நாகப்பட்டினம் போனால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. தனியாகப் போய் நிற்க உனக்குக் கால் வராது. எனக்கும் வராமல்தான் அத்தனை வருஷம் போயிற்று. நீ வருகிற நாளை மட்டும் சொல், நானும் உன்னோடு வருகிறேன்.

அம்மா